நிலக்கரிச் சுரங்கத்தை மண் போட்டு மூடினால் போதாதா?

கிளிநொச்சியிலிருந்து கேட்கப்பட்ட கேள்வி: நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் எப்படி இயங்கும், வேலை முடிந்தால் மண்ணால் மூடிவிடலாம்தானே?

முடியாது. இலங்கையில் நிலக்கரி தோண்டுவதில்லை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில்தான் வருகிறது. ஆனால் இறைப்பு மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டால் புகை தங்கி ஆளைக் கொல்லும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சுரங்கத்திலும் முதல் பிரச்சினை காற்றுதான். குறைந்தது இரண்டு வழி வேண்டும்: ஒன்றால் நல்ல காற்று இறங்கும், மற்றதால் பெரிய விசிறி கெட்ட காற்றை வெளியே இழுக்கும். கரியிலிருந்து கசியும் மெதேன் காற்றில் 5 முதல் 15 வீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அந்த வெடிப்பு கரித்தூசியைக் கிளப்பிப் பற்றவைப்பதுதான் பேரழிவு. அதனால் தீ பரவாமலிருக்கப் பாதையெங்கும் எரியாத சுண்ணக்கல் மாவு தூவுவார்கள். பல சுரங்கங்களில் கூரையைத் தாங்கக் கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள்.

மூடும்போது மெசின், எண்ணெய் எல்லாவற்றையும் மேலே எடுத்துவிடுவார்கள். சுரங்கத்து நீரை இறைத்த பம்பை நிறுத்தியதும் தண்ணீர் ஏறும். வெறும் மண்ணைக் கொட்டியிருந்தால் அது நனைந்து பக்கப் பாதைகளுக்குள் வழிய, குழிவாய் ஒருநாள் திடீரென்று உள்ளிறங்கும். ஆகவே அடியில் பெரிய கல், மேலே கொங்கிறீட் மூடி. ஏறும் நீர் வாயுவைத் தள்ளுவதால் மூடியில் ஒரு குழாயும் விடுவார்கள். கரியிலுள்ள பைரைற்று என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். வெளிவரும் தண்ணீர் செம்மஞ்சளாக ஓடினால் சுண்ணாம்பு கலந்து தெளியவைத்துத்தான் ஆற்றில் விடலாம்.