கொம்பின் அகலம் அரை அங்குலம் குறைவு: அபராதத்தை உடனே கட்டிவிடலாமா?

கேள்வி: ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் வசிக்கிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறேன். சென்ற நவம்பரில் ஒரு தரகரிடம் பணம் கட்டி, ஃபயெட் கவுண்டியில் ஒரு பண்ணைக்கு மான் வேட்டைக்குப் போனேன். அந்தப் பண்ணைக்குக் கொம்புக் கட்டுப்பாடு கிடையாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். நான் சுட்ட எட்டு முனைக் கொம்புள்ள ஆண் மானை கேம் வார்டன் (வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அதிகாரி) அளந்து, உள் அகலம் பன்னிரண்டரை அங்குலம்தான் என்று வழக்கு எழுதிவிட்டார். லானோ கவுண்டியில் இதே அளவு மானைச் சுட்ட நண்பருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாமா, வாதாடலாமா? என் ரைஃபிளுக்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. டெக்சஸின் 254 கவுண்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் இந்தக் கொம்பு விதி நடைமுறையில் இருக்கிறது, லானோவில் இல்லை. ஃபயெட் உள்ளிட்ட ஆறு கவுண்டிகளில் 2002-இல் சோதனையாகத் தொடங்கிய விதி இது. ஒன்றரை வயது ஆண் மான்களையே எல்லோரும் சுட்டுத் தீர்த்ததால், இளம் மான்களை வளர விடவேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை. சுடக்கூடிய ஆண் மானுக்கு ஒரு கொம்பாவது கிளைக்காமல் ஒற்றை முனையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இரு கொம்புகளுக்கும் இடையே உள் அகலம் 13 அங்குலமாவது இருக்கவேண்டும். விறைத்து நிற்கும் காதுகளின் நுனிக்கு நுனி ஏறத்தாழ 13 அங்குலம் வரும், கொம்பு அதைத் தாண்டித் தெரிந்தால் சுடலாம் என்று டெக்சஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை கற்றுத் தருகிறது. விடியற்கால வெளிச்சத்தில், நூறு கஜத்துக்கு அப்பால், தலையைச் சற்றே திருப்பியபடி நிற்கும் மானிடம் அரை அங்குல வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் உறுதி செய்ய முடியாது என்பதைத் துறை இத்தனை ஆண்டுகளாகியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காதைத் தாண்டித் தெளிவாகத் தெரியாத கொம்பை விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் தரக்கூடிய ஒரே வழி.

உங்கள் வழக்கில் அளவை எதிர்த்து வாதாடிப் பயனில்லை. நல்லெண்ணத்தோடு தவறாகக் கணித்தேன் என்பது தற்காப்பாகாது. தரகர் சொன்னார் என்பதும் ஆகாது. இது 'கிளாஸ் சி' எனப்படும் சிறு குற்ற வகை. அபராதம் 25 முதல் 500 டாலர் வரை, நீதிமன்றச் செலவு தனி. ஆனால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். கட்டினாலே 'மறுக்கவில்லை' என்று ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், தீர்ப்பு பதிவாகிவிடும். ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற, சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிமன்றத்தில் நேரில் நின்று, நிபந்தனைகளோடு தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். காலம் முடிந்ததும் வழக்கு தள்ளுபடியாகும். விசாவில் இருப்பவர் என்பதால், நீதிபதியிடம் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இனி அந்தத் தரகரைப் பற்றி. கொம்புக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்ற பண்ணைகள் உண்மையிலேயே உண்டு, அவை எம்.எல்.டி.பி. என்ற நிலமேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்தவை. அத்தகைய பண்ணையில் சுடும் மானுக்கு நில உரிமையாளர் தரும் திட்ட டேக்கைத்தான் (சுட்ட மானில் கட்டும் அடையாளச் சீட்டு) கட்டுவார்கள். உங்கள் உரிமத்தோடு வந்த டேக்கை அங்கே பயன்படுத்துவதில்லை. நீங்கள் உங்கள் சொந்த டேக்கைக் கட்டியிருந்தால், அவர் சொன்னது பொய் என்பதற்கு அதுவே சான்று. டெக்சஸ் நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது என்பதால் இந்தத் தரகர்கள் பெருகிவிட்டார்கள். ஒருவரிடம் லீஸ் எடுத்து, உரிமையாளருக்குத் தெரியாமல் நாள்கணக்கில் நம்மவர்களுக்கு உள்குத்தகை விடுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் ஒப்புதலின்றி மான் வேட்டையாடுவது, நீங்கள் இப்போது மாட்டியிருப்பதைவிடப் பல மடங்கு பெரிய குற்றம். பணம் தருமுன் நில உரிமையாளரோடு நேரடியாகப் பேசுங்கள், அவர் கையெழுத்திட்ட தாளை வாங்குங்கள், துறை வழங்கும் வேட்டைக் குத்தகை உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் ஒரு டாலர்கூடத் தரவேண்டாம். 'என் டேக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று பெருந்தன்மை காட்டுபவரையும் தவிர்த்துவிடுங்கள். அடுத்தவர் டேக்கைப் பயன்படுத்துவது இருவருக்கும் குற்றம்.

ரைஃபிள் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது; மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. இதற்குள்ள விலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்று: அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். வாங்கும் நாளில் மட்டும் இருந்தால் போதாது; துப்பாக்கி உங்கள் வசம் இருக்கும் ஒவ்வொரு நாளும் இருக்கவேண்டும், அது வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தாலும் சரி. டெக்சஸ் வேட்டை உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. மான் பருவம் தொடங்க இன்னும் நாளிருக்கிறது என்று அக்டோபரில் புதுப்பிப்பவர், செப்டம்பர் முழுவதும் தன்னை அறியாமலே குற்றவாளியாக இருக்கிறார். மீன்பிடி உரிமம் வேட்டை உரிமத்துக்கு ஈடாகாது. தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட 2019 முதல் டெக்சஸில் உரிமம் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். அது மாநில விதி, குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் போதும், உங்களுக்குப் போதாது. உங்கள் மனைவி எச்-4 விசாவில் இருந்து அவரும் சுடப் பழகுவதாக இருந்தால், அவர் பெயரில் தனி உரிமம் வேண்டும்.

இந்த அபராதம் ஒன்றினால் அந்த விலக்கு போய்விடாது. நான் அஞ்சுவது வேறு ஒன்றை. அபராதத்துக்கு அப்பால், மானின் மதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு கேட்டுத் துறையிலிருந்து ஒரு கடிதம் வரும். நீதிமன்றத்தில்தான் முடித்துவிட்டோமே என்று பலரும் அதைக் குப்பையில் போடுகிறார்கள். அதைக் கட்டாதவருக்கு அடுத்த உரிமத்தைத் தர மறுக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. உரிமம் இல்லையென்றால் விலக்கு இல்லை. விலக்கு இல்லையென்றால், வீட்டிலிருக்கும் அந்த ரைஃபிளே உங்களைக் கூட்டாட்சி வழக்கில் நிறுத்தும். ஒரு மாநிலத்தின் நிலுவைத் தொகை இன்னொரு சட்டத்தில் சிறைவாசமாக மாறக்கூடும் என்பதை உரிமம் விற்கும் கவுண்டரில் எவரும் சொல்வதில்லை. அந்தக் கடிதத்திலாவது ஒரு வரி எழுதி எச்சரித்திருக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன்.

எனவே அந்தக் கடிதம் வந்ததும் கட்டி, ரசீதை உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வரும். அந்த வாரமே வாங்கிவிடுங்கள். எக்காரணத்தாலாவது மறுக்கப்பட்டால், 31-ஆம் தேதிக்குள் ரைஃபிளையும் தோட்டாக்களையும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒப்படைத்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.