கேட்டகோலமைன் பரிசோதனை எதற்கு? ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மாமாவுக்குத் திடீர் திடீரென்று பிபி ஏறுகிறது, 24 மணி நேரச் சிறுநீரில் கேட்டகோலமைன் பார்க்கச் சொல்கிறார்கள், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பரிசோதனையை எழுதிக்கொடுக்க ஒரு டாக்டர் கிடைப்பதற்குள் என் அக்கா இரண்டு வருடம் அலைந்தாள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமின் மூன்றுக்கும் சேர்த்துத்தான் கேட்டகோலமைன் என்று பெயர். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். நரம்பு நுனிகளில் சுரக்கும் நார்அட்ரினலின் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிப்பதால்தான் நாம் மயங்கி விழுவதில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் அட்ரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். வேலை முடிந்ததும் சில நிமிடங்களில் இவை சிதைந்து, சிறுநீரில் போய்விடும்.

அந்தச் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தால், பயமோ கோபமோ இல்லாமலே இவை வெள்ளமாகக் கொட்டும். சிறுநீரிலும் அளவு கூடும், அதைப் பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை. அக்கா சமைத்துக்கொண்டே இருப்பாள். மண்டை பிளக்கிற வலி, நைட்டி நனைகிற வியர்வை, படபடப்பு, முகம் வெளுத்துப்போகும். அரை மணியில் எல்லாம் அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிபி 120/80. "டென்ஷன்மா, மனசை லேசா வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் அவளே தன் மனதில்தான் கோளாறு என்று நம்பத் தொடங்கினாள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான். வீட்டிலேயே ஒரு பிபி மெஷின் வாங்கி வைத்தோம். அடுத்த முறை வந்தபோது 210/120.

ஒரு இடத்தில் படபடப்புக்கு புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கப்புறம் இன்னும் மோசமானது. சில ரத்தக்குழாய்களை விரிய வைக்கிற வேலையும் அட்ரினலினுக்கு உண்டு. பீட்டா பிளாக்கர் அந்த வழியை அடைத்துவிட்டால் இறுக்குகிற வேலை மட்டும் மிஞ்சும். அதனால் இந்தக் கட்டி இருப்பவர்களுக்கு முதலில் ரத்தக்குழாய் இறுகுவதைத் தடுக்கும் பிரசோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர், தேவைப்பட்டால் அதன் பிறகுதான் பீட்டா பிளாக்கர். அறுவை சிகிச்சைக்கு முன் அக்காவுக்கு இரண்டு வாரம் ஆல்ஃபா பிளாக்கரைத்தான் கொடுத்து, உப்பும் தண்ணீரும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார்கள். கட்டியை எடுத்த பிறகு மாத்திரையே இல்லாமல் பிபி சரியாக இருக்கிறது.

மாமாவுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். ரத்தக்கொதிப்பு உள்ள ஆயிரம் பேரில் இரண்டிலிருந்து ஆறு பேருக்குத்தான் இது இருக்கும். ஆனால் பரிசோதனையைச் சரியாகச் செய்யுங்கள். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். லேப் கொடுக்கும் கேனில் ஆசிட் இருக்கலாம், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மன அழுத்த மாத்திரை, சளி மாத்திரை, பாராசிட்டமால் எது சாப்பிட்டாலும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், முடிவு மாறக்கூடும். கேட்டகோலமைன் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரினும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கட்டியைக் கண்டுபிடிக்க அது இன்னும் நம்பகமானது.

கட்டி என்று உறுதியானால் மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மூன்றில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. அக்காவுக்குப் பிறகு நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன்.