கட்டடத்தைப் படமெடுக்க ஆள் வைக்கும் முன்: கேள்விகளும் என் பதில்களும்

கட்டடங்களைப் படமெடுப்பதுதான் பதினாறு வருடமாக என் வேலை. அதற்கு முன் நான்கு வருடம் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் பணம் கொடுத்து எடுக்கச் சொல்பவரின் கவலையும் எனக்குத் தெரியும். ஆள் அமர்த்துவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, போனிலேயே இப்போது அருமையாகப் படம் வருகிறது, வைட் லென்ஸும் சேர்ந்தே இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக ஒருவரை வைக்க வேண்டும்?

போனைக் குறை சொல்ல மாட்டேன், சைட்டுக்கு முதல்முறை போகும்போது நானும் போனில்தான் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் எதிரே நின்று பாருங்கள். உச்சி தெரிய வேண்டுமென்று போனை மேலே சாய்ப்பீர்கள், சாய்த்ததும் இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக நெருங்கி, கட்டடம் மல்லாக்கச் சாய்வது போல ஆகிவிடும். நாங்கள் கேமராவை மட்டம் பார்த்து நிறுத்திவிட்டு, ஷிஃப்ட் வசதியுள்ள லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவோம். கேமரா சாயாமலே உச்சி படத்துக்குள் வந்துவிடும், சுவர்களும் நேராக நிற்கும். எடுத்த படத்தைக் கணினியில் நிமிர்த்தவும் முடியும்தான், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும், மேல் மாடிகள் இழுபட்டுத் தெளிவு குறையும்.

சரி, லென்ஸை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுத்துவிடலாம். நீங்கள் பணம் கொடுப்பது எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது என்ற முடிவுக்கு. அதை எடுக்க அவர் படப்பிடிப்புக்கு முன்பே ஒருமுறையாவது வந்து உங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். வந்து பார்க்காமலே நாள் குறிப்பவரை நான் அமர்த்த மாட்டேன்.

கேள்வி: எங்களுடையது சின்ன அலுவலகம். கட்டி முடிப்பதற்குள் கையிருப்பெல்லாம் கரைந்துவிடுகிறது. இந்தச் செலவு அவசியம்தானா மேடம்?

எல்லா வேலைக்கும் அவசியமில்லை. செய்து முடித்த பத்து வேலைகளில், இதுபோல இன்னொன்று வர வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள், ஆனால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், 1929இல் பார்சிலோனா கண்காட்சிக்காக ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த ஜெர்மன் பெவிலியனை (ஜெர்மனியின் கண்காட்சி மண்டபத்தை) அடுத்த வருடமே பிரித்துவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடி கட்டி முடித்தது 1986இல். இடையில் ஐம்பது வருடத்துக்கும் மேலாக, ஆர்க்கிடெக்சர் படித்தவர்கள் அந்தக் கட்டடத்தை அறிந்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் வரைபடங்களிலும்தான். உங்கள் கட்டடத்தை யாரும் பிரிக்கப் போவதில்லை. ஆனால் குடிவந்தவர்கள் பால்கனியை அடைத்து, முகப்பில் நாலு ஏசி மாட்டி, வேறு பெயிண்ட் அடிக்க அதிக நாள் ஆகாது. நீங்கள் நினைத்தபடி அது நிற்பது முதல் சில மாதங்கள்தான்.

செலவைப் பங்கு போடலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. கான்ட்ராக்டர், இன்டீரியர் செய்தவர், லைட்டிங் செய்தவர், ஜன்னல் செய்து கொடுத்த கம்பெனி எல்லோருக்கும் அந்தப் படங்கள் தேவைப்படும். ஆள் கூடக் கூட மொத்தத் தொகை கொஞ்சம் ஏறும், தலைக்கு விழுவது நன்றாகவே குறையும். ஆனால் படமெடுக்கும் முன்பே பேசி, யார் யார் என்று ஒப்பந்தத்தில் பெயர் எழுதிவிட வேண்டும். எடுத்து முடித்த பிறகு கேட்டால் யாரும் பணம் தர முன்வர மாட்டார்கள், படத்தைச் சும்மா அனுப்பச் சொல்வார்கள்.

கேள்வி: நாலு பேருடைய போர்ட்ஃபோலியோ பார்த்தேன், எல்லாமே அழகாக இருக்கிறது. எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது?

போர்ட்ஃபோலியோவில் இருப்பது பொறுக்கி எடுத்த முத்துகள். அதை ஒதுக்கிவிட்டு, ஏதாவது ஒரு கட்டடத்துக்கு அவர் கொடுத்த மொத்தப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். அதிலும் பெரிய பங்களா வேண்டாம், சாதாரணமான ஒரு கிளினிக்கோ பள்ளிக்கூடமோ கேளுங்கள். வாசலிலிருந்து மாடிப்படிக்கு எப்படிப் போவது என்று அந்தப் படங்களைப் பார்த்தே உங்களுக்குப் புரிகிறதா? வெள்ளைச் சுவர் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் இல்லாமல் ஒரே வெள்ளையாக இருக்கிறதா? உள்ளே எடுத்த படத்தில் ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிறதா, இல்லை ஜன்னல் வெறும் வெள்ளைச் சதுரமாக எரிந்து கிடக்கிறதா?

இன்னொன்று, எல்லா அறையும் மைதானம் போலத் தெரிந்தால் உஷாராகிவிடுங்கள். மிக அகலமான லென்ஸில் ஓரத்தில் இருக்கும் சோபா கட்டில் நீளத்துக்கு இழுபடும், பத்தடி அறை இருபதடி போலத் தெரியும். விற்பனைக்கான விளம்பரத்தில் அப்படி எடுப்பார்கள். ஆர்க்கிடெக்ட் வரைந்த அளவு பொய்யாகிவிடுவதால் எனக்கு அது பிடிக்காது, முடிந்தவரை 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கீழே போகாமல் (எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்) பின்னால் நகர்ந்து எடுக்கவே பார்ப்பேன்.

கேள்வி: கல்யாணத்துக்கு எடுப்பவர் ஒரே நாளில் ஆயிரம் படம் தருகிறார். கட்டடம் எடுக்கக் கேட்டால் முழு நாளுக்குப் பன்னிரண்டு படம் என்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான். ஒரு படத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு நூலகத்தின் வாசிப்பறை. நீள மேசை ஆறு, நாற்காலி இருபத்துநான்கு, மேலே தொங்கும் விளக்கு பதினொன்று. கேமராவை நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று. நாற்காலிகளை உதவியாளர் நூல் பிடித்தது போல வரிசையாகப் போட்டார், ஆனால் கேமரா வழியாகப் பார்த்தால் முன்வரிசை முதுகுகள் பின்வரிசையை மறைத்து, மரக்கால்கள் எல்லாம் ஒரே குவியலாகத் தெரிகின்றன. அதனால் முன்னால் இருந்த நான்கை எடுத்து வெளியே வைத்தோம், மீதியை நான் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி என்று நகர்த்தினார். பிறகுதான் கவனித்தேன், ஏழாவது விளக்கு மட்டும் வெள்ளை. மற்ற பத்தும் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள், யாரோ பல்பு போனபோது கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். ஸ்டோர் ரூமில் தேடி ஏணி போட்டு மாற்றினோம். அப்புறம் மேகம் விலகும் வரை காத்திருந்து, கேமராவை அசைக்காமல் ஏழு வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில்) எடுத்தேன், ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒன்று, மூலை இருட்டுக்கு ஒன்று என்று. ஒரு மணி இருபது நிமிடம் போனது. அந்த ஏழையும் கலந்து ஒரே படமாக்க மறுநாள் இன்னும் இரண்டு மணி நேரம்.

அங்கே கல்யாணம் தானாக நடந்துகொண்டிருக்கும், எடுப்பவர் அதன் பின்னால் ஓடுவார். கட்டடம் அசையாது, வெளிச்சமும் பொருட்களும் சரியாக அமையும் வரை நாம்தான் காத்துக் கிடக்க வேண்டும். இரண்டும் கடினமான வேலைதான், கணக்கு வேறு.

கேள்வி: எல்லோரும் அந்தி நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

சூரியன் இறங்கியதும் வானம் ஆழ்ந்த நீலமாகும், அப்போது உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சமும் வெளியே வானத்தின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்து நிற்கும். பகலில் கண்ணாடி இருட்டாகத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. முழு இரவில் உள்ளே மட்டும் தெரியும், கட்டடத்தின் உருவம் கரைந்துவிடும். அந்தியில் இரண்டும் சேர்ந்து தெரியும். ஆனால் நல்ல வெளிச்சம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நிற்கும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இன்னும் சீக்கிரம் இருட்டிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கோணம், ஓடினால் இரண்டு. "அந்தியில் ஐந்து படம் வேண்டும்" என்று கேட்பது மூன்று நாள் கேட்பது போல.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேலே குன்றில் தொங்கும் ஸ்டால் வீட்டை 1960இல் கட்டடப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்தது இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த படம். கீழே நகர விளக்குகள் பதிய ஏறத்தாழ 7 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்திருந்து, உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்காகக் கடைசியில் ஃபிளாஷ் அடித்தார். இன்று பல எக்ஸ்போஷர் எடுத்துக் கலக்கும்போது நாங்கள் செய்வதும் ஏறத்தாழ அதேதான்.

பகலைப் பொறுத்தவரை முகப்பு எந்தத் திசை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிழக்கு என்றால் காலை, மேற்கு என்றால் மாலை. பூமியின் வட பாதியில் வடக்கு பார்த்த முகப்பு வருடத்தின் பெரும்பகுதி நிழலில்தான் இருக்கும், அதற்கு மேகமூட்டமோ அந்தியோதான் கை கொடுக்கும்.

கேள்வி: அவர் வருவதற்கு முன் நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

ஆர்க்கிடெக்ட் நீங்கள் என்றால் பிளானை அனுப்புங்கள், கூடவே எது உங்கள் கட்டடத்தின் உயிர் என்று நாலு வரி எழுதுங்கள். முப்பது படம் கொண்ட பட்டியல் வேண்டாம், இது இல்லாமல் முடியாது என்று ஐந்து சொன்னால் போதும். கட்டடம் உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும், "பெயிண்ட் ஒரு கை பாக்கி" என்றால் நாளைத் தள்ளிப் போடுங்கள். செடி நட்டு வேர் பிடிக்கும்வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. எல்லா விளக்கும் எரிய வேண்டும், ஒரே நிறத்தில். வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று முந்தின நாளே செக்யூரிட்டியிடம் சொல்லிவிடுங்கள். சாவி எல்லாம் கையில் இருக்கும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கண்ணாடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகக் கட்டடத்தில் கண்ணாடி துடைத்தாயிற்று என்றார்கள், வெளிப்பக்கம் துடைத்திருந்தார்கள், உள்பக்கம் இல்லை. பகலில் யாருக்கும் தெரியவில்லை. மாலை ஐந்தரைக்கு வெயில் சாய்ந்து கண்ணாடிக்குள் நுழைந்ததும் மூன்று மாடி உயரத்துக்கும் துணி இழுத்த வட்ட வட்டத் தடங்கள், நடுவே ஒரு முழு உள்ளங்கை. அதைக் கணினியில் அழிக்க நாள் கணக்காகும், அப்படியும் இயல்பாக வராது. இன்னொரு நாள் போனோம், அந்தச் செலவும் அவர்கள் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து என் ஒப்பந்தத்தில் "கண்ணாடி இரண்டு பக்கமும்" என்றே எழுதுகிறேன்.

கேள்வி: பணம் கொடுத்தது நான், ஆனால் படத்தின் உரிமை அவருடையது என்கிறார். ரா ஃபைலும் தர மறுக்கிறார்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை, பல நாடுகளில் எடுத்தவருக்கு. அதனால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எங்கெங்கே போடலாம் (வலைத்தளம், சமூக ஊடகம், பத்திரிகை, விருது விண்ணப்பம், அச்சிட்ட புத்தகம்), எத்தனை வருடம், வேறு யாருக்குக் கொடுக்கலாம், இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் உரிமை யார் பெயரில் இருந்தாலும் உங்கள் வேலை தடைபடாது. விருதுக்கும் பத்திரிகைக்கும் அனுப்ப உரிமை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், கடைசி நேரச் சண்டை அங்கேதான் வரும்.

ரா ஃபைல் என்பது கேமரா பதிந்தபடியே இருக்கும், இன்னும் திருத்தாத ஃபைல். அது பாதி வெந்த சோறு மாதிரி, நானும் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக அச்சுக்குப் பெரிய டிஃப் (TIFF) ஃபைலும், வலைக்கு எஸ்ஆர்ஜிபி (sRGB, திரைகளுக்கான பொதுவான நிற முறை) ஜேபெக்கும் (JPEG) கேளுங்கள். ஏ4 முழுப் பக்கம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும், அதற்குக் குறைவாகக் கொடுத்தால் அச்சுக்குப் போதாது.

கேள்வி: முகப்புக்கு நேர் எதிரே மின்கம்பம் நிற்கிறது. எடிட்டிங்கில் எடுத்துவிடச் சொல்லலாமா?

ஆறு மாதத்தில் தானாகப் போய்விடும் எதையும் எடுக்கலாம்: சாரக் கம்பு, குப்பைத் தொட்டி, புல்லில் வழுக்கை விழுந்த இடம். நிரந்தரமாக நிற்பதை நான் எடுப்பதில்லை, கம்பம் மறையும் கோணத்தைத் தேடுவேன், அநேகமாகக் கிடைத்துவிடும். சுவர் விரிசலை மறைக்கச் சொன்னால் கண்டிப்பாக மாட்டேன், அந்தப் படத்தை நம்பி இன்னொருவர் அதே கான்ட்ராக்டரிடம் போவார்.

கேள்வி: படத்தில் ஆட்கள் இருக்கலாமா?

ஒருவராவது இருக்கட்டும். கதவு எவ்வளவு உயரம் என்பது ஆள் நின்றால்தான் கண்ணுக்குப் புரியும். முகம் அடையாளம் தெரிகிறது என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: ட்ரோன்?

கூரையோ, நிலத்தில் கட்டடம் உட்கார்ந்திருக்கும் விதமோ முக்கியம் என்றால் மட்டும். அனுமதி, உரிமம், காப்பீடு மூன்றையும் நாள் குறிக்கும் முன்பே காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சைட் இன்ஜினியர். கட்டும்போதே எடுத்து வைப்பது பற்றிச் சொல்லுங்கள் அக்கா.

இதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை, உங்கள் போன் போதும். ஒழுங்குதான் வேண்டும். நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துத் தரையில் பெயிண்டால் குறி போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வாரமும் அதே குறியில், அதே உயரத்தில், ஜூம் செய்யாமல் எடுங்கள். அதைவிட முக்கியமானது மூடப்போகும் எதையும் மூடும் முன் எடுப்பது. ஸ்லாப் கான்கிரீட் போடும் முன் கம்பி கட்டியது, அதற்குள் போகும் பைப், பூசும் முன் சுவரில் வெட்டிய ஒயர் வழி, எல்லாவற்றையும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து, அறையின் மூலையும் படத்துக்குள் வரும்படி எடுங்கள். மூலை இல்லாமல் எடுத்தால் ஆறு மாதம் கழித்து அது எந்தச் சுவர் என்று உங்களுக்கே தெரியாது. பின்னால் யாராவது டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றால், பைப் எங்கே போகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.