பயிற்சி கொடுத்தவர்கள் போன பிறகு

அன்புள்ள ஐயா,

ராணுவ அதிகாரி தேர்வுக்குத் தயாராகிறேன். குழு விவாதத்தில் கிளர்ச்சிகளை அடக்குவதில் ராணுவத்தின் பங்கு பற்றிக் கேட்பார்களாம். ஒரு நாடு தன் படையை அனுப்பாமல், உள்ளூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்தே கிளர்ச்சியை முடித்துவிட முடியாதா? மலேயாவில் ஆங்கிலேயர் ஜெயித்துக் காட்டினார்களே? ஆப்கானிஸ்தானில் இருபது வருஷம் பயிற்சியும் நவீன ஆயுதமும் கொடுத்தும் மூன்று லட்சம் பேர் சண்டை போடாமல் ஓடிவிட்டார்கள். கோழைகளுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வீண்தானே? இதைப் பற்றி என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகவே 1989ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தேர்வுக்கு என் வாழ்த்துகள். நீங்கள் எந்தப் படையில் சேர்ந்தாலும் உங்கள் கையில் முப்பது நாற்பது பேரின் உயிர் இருக்கும், அந்தப் பொறுப்பை நினைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

மலேயாவை முதலில் ஒதுக்கிவிடலாம். அங்கே ஆங்கிலேயர் பயிற்சியாளராக இருக்கவில்லை, அவர்கள்தான் அரசாங்கம். போலீஸ், நிலம், குடியுரிமை எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, குடியிருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குள் வைத்தார்கள். 1957இல் சுதந்திரமும் கொடுத்த பிறகு, காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ளக் காரணமே மிச்சமில்லை. அதை வேறொரு நாட்டுக்குப் போய் ஆறு மாத கோர்ஸ் நடத்தித் திரும்புகிறவர்களோடு எப்படி ஒப்பிடுவது?

ஆனால் கோழைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விட மாட்டேன். அந்த இருபது வருஷத்தில் செத்த ஆப்கன் ராணுவத்தினரும் போலீஸாரும் 66,000க்கு மேல். அமெரிக்கப் படையில் இறந்தவர்கள் சுமார் 2,400. 2021 ஜூனில் ஃபார்யாப் மாகாணத்தில் தவ்லதாபாத் என்ற இடத்தில் ஆப்கன் கமாண்டோக்கள் உதவி கேட்டுக் காத்திருந்தார்கள். விமானமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தோட்டா தீர்ந்து கையைத் தூக்கி வெளியே வந்தவர்களைத் தாலிபான்கள் சுட்டுத் தள்ளினார்கள், செத்தவர்கள் 22 பேர். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல உங்களுக்கோ எனக்கோ என்ன தகுதி? அதே கோடையில் காந்தஹார் முன்வரிசையில் ஒரு போலீஸ் பிரிவுக்கு ஒரு நாள் சாப்பாடாக ஒரு அட்டைப்பெட்டி உருளைக்கிழங்கு வந்தது, பிசுபிசுத்துப்போன கிழங்கு. பல இடங்களில் மாதக்கணக்கில் சம்பளமும் வரவில்லை. நீங்கள் சொல்கிற மூன்று லட்சம் பெயர்கள் பேப்பரில் இருந்தன. அதில் எத்தனை பேர் நிஜ ஆட்கள், எத்தனை பேர் சம்பளத்தை மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. (இராக்கிலும் இதே கூத்துதான். 2014இல் மொசூல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகளிடம் விழுந்த பிறகு, ஆளே இல்லாமல் சம்பளம் போய்க்கொண்டிருந்த 50,000 பெயர்களைப் பட்டியலில் கண்டுபிடித்ததாக அந்த நாட்டுப் பிரதமரே அறிவித்தார்.)

நவீன ஆயுதம் என்கிறீர்கள். ஆப்கன் மெக்கானிக்குகளுக்கு ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகாப்டர் பழகிய வண்டி, அதைப் பெரும்பாலும் அவர்களே பழுது பார்த்துக்கொண்டார்கள். அதை எடுத்துவிட்டு அமெரிக்க பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் கொடுத்தார்கள். அதைப் பராமரிக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள்தான் வேண்டும். 2021இல் அவர்களும் கிளம்பிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு ஒப்பந்தம் போட்டபோது இந்தச் சிப்பாய்களின் அரசாங்கத்துக்கு அந்த மேசையில் நாற்காலியே இல்லை. ஒரு செக்போஸ்ட்டில் பத்துப் பேரோடு உட்கார்ந்திருக்கிறவன் இதையெல்லாம் கேள்விப்பட மாட்டானா? ஊர்ப் பெரியவர்கள் வந்து, ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

சரி, 1989க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

இந்தியா 1983 முதல் ஈழத்து இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது, புலிகளும் அதில் உண்டு. 1987இல் அமைதிப்படை என்று போய், அக்டோபரில் அதே புலிகளோடு சண்டை ஆரம்பித்தது. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள், அங்கிருந்த தமிழர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது அடுத்தது. படை திரும்பப் போகிறது என்று ஆனதும், வடகிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற ஓர் உள்ளூர்ப் படை வேண்டும் என்று தமிழ்த் தேசிய ராணுவம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். ஆள் போதவில்லை. அப்புறம் ரோட்டில் போன பையன்களை, டியூஷனுக்குப் போன பையன்களை, பஸ்ஸை நிறுத்தி இறக்கிய பையன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மொட்டை அடித்து, துப்பாக்கி கொடுத்து, அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தியப் படை ஒவ்வொரு இடமாகக் காலி செய்யக் காலி செய்ய, பின்னாலேயே புலிகள் வந்து அந்த முகாம்களை முடித்தார்கள். அந்தப் பையன்களில் எத்தனையோ பேர் செத்தார்கள். கொடுத்த ஆயுதமெல்லாம் புலிகள் கைக்குப் போனது. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பல் ஏறியபோது அந்த ராணுவம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசுவார், இதைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ஒரே ஒரு தடவை பேசினார். தானாக வந்து சேர்ந்தவன் உஸ்தாத் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று பின்னாலேயே வந்து சந்தேகம் கேட்பான், பிடித்துக்கொண்டு வந்தவன் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் கேட்பான் என்றார். துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதில் ஒரு பையன் கெட்டிக்காரன், கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வானாம். அவன் அம்மா தினமும் கேட்டுக்கு வெளியே ஒரு பையில் அவனுடைய ஸ்கூல் சட்டையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். விட்டால் உடனே மாற்றிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. ஹவில்தாருக்குக் கிளம்பும் உத்தரவு வந்தது, கிளம்பிவிட்டார். பையன் என்ன ஆனான் என்று நான் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பயிற்சியில் என்ன குறை? குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்ததில் குறையில்லை. அந்தப் பையன் யாருக்காகச் சுட வேண்டும், நாளைக்கு அவனோடு யார் நிற்பார்கள் என்பதற்குத்தான் அந்த முகாமில் யாரிடமும் பதில் இல்லை. பயிற்சி கொடுக்கிறவனுக்குத் திரும்பிப் போகத் தேதி உண்டு, வாங்கிக்கொள்கிறவன் அங்கேயே வாழ வேண்டியவன். இதை யோசிக்காத எந்தத் திட்டமும் அடுத்தவன் பிள்ளையைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துகிற திட்டம்தான். அதைச் செலவு குறைந்த வழி என்று தயவுசெய்து யாரும் என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

ராணுவத்தின் பங்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள். என் பதில் சின்னது. ராணுவம் கொஞ்சம் கால அவகாசம் வாங்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் கோர்ட்டும் போலீஸும் நிலமும் சம்பளமும் ஒழுங்குக்கு வர வேண்டும், பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வாங்கிய காலமும் அதற்காகச் செத்தவர்களும் வீண்.

படிக்க ஒன்று சொல்கிறேன். எல் சால்வடோர், மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. அங்கே அரசுக்கும் இடதுசாரிக் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கா தன் பயிற்சியாளர் எண்ணிக்கையை 55 என்று வரையறுத்து வைத்திருந்தது, ரொம்பச் சிக்கனமான திட்டம் என்று இன்றும் சிலர் பாராட்டுகிறார்கள். அவர்கள் பயிற்சி கொடுத்த அத்லகாட்ல் என்ற அரசுப் படையின் பட்டாலியன்தான் 1981 டிசம்பரில் எல் மொசோட்டே என்ற கிராமத்தில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான கிராமத்தாரைக் கொன்றது, எட்டு வருஷம் கழித்து ஆறு ஜேசுயிட் பாதிரியார்களையும் சமையல் வேலை செய்த அம்மாவையும் அவர் மகளையும் சுட்டது. போர் 1992இல் முடிந்தது, அதுவும் சமாதான ஒப்பந்தத்தில்தான். ஐநா அமைத்த உண்மை ஆணையத்தின் 1993 அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல் மொசோட்டே பகுதியை முதலில் படியுங்கள். குழு விவாதத்தில் அதை எடுத்துப் பேசினால் மார்க் குறையுமா என்று பயப்பட வேண்டாம். தேர்வு முடிந்ததும் எழுதுங்கள்.