லிபரோவாக ஆடச் சொன்னால் ஓரங்கட்டுகிறார்களா?

கேள்வி: எனக்கு வயது 20. உயரம் 178 செ.மீ. பள்ளி நாளிலிருந்தே கைப்பந்தில் அடிப்பவனாக ஆடி வருகிறேன். ஒரு தொழில்முறை கிளப் என்னைத் தேர்வுக்கு அழைத்துப் பார்த்துவிட்டு, "லிபரோவாக வந்தால் ஓராண்டு ஒப்பந்தம் தருகிறோம்" என்கிறது. அதாவது, அடிக்காமல் பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரனாக. எழும்பி அடிக்கத்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தேன். உயரம் போதாது என்று ஓரங்கட்டுவதாகத் தோன்றுகிறது. பட்டப்படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஒப்புக்கொள்ளட்டுமா, ஆட்டத்தையே விட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஓரங்கட்ட நினைப்பவர்கள் ஒப்பந்தம் தரமாட்டார்கள், நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் சர்வீஸை எடுத்த விதம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்குத்தான் இந்த அழைப்பு.

உயரத்தைப் பற்றி நேராகவே பேசிவிடுவோம். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். மேல்மட்டத்தில் ஓரத்திலிருந்து அடிப்பவர்களில் பெரும்பாலோர் 190 செ.மீ.க்கு மேல். ஜப்பானின் யூஜி நிஷிடா அந்த உயரம் இல்லாமலே உலகின் சிறந்த அணிகளுக்கு எதிராக அடித்துக் குவிக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவருடைய துள்ளல் அபூர்வமானது. அவரும் உங்களைவிட உயரமானவர். அடிப்பவராக உங்களுக்குச் சில நல்ல வருடங்கள் கிடைக்கலாம். அதை வைத்துப் பிழைப்பு நடத்துவது மிகக் கடினம்.

லிபரோ என்ற இடம் சர்வதேச ஆட்டத்துக்குள் வந்தது 1998இல். அடியும், வலையருகே எழும்பி அடியைத் தடுக்கும் பிளாக்கும் ஓங்கிய ஆட்டத்தில் தற்காப்புக்கு உயிர் கொடுப்பதற்காகவே அதை உருவாக்கினார்கள். இன்று மணிக்கு 120 கி.மீ. வேகத்தைத் தாண்டி வருகிற ஜம்ப் சர்வீஸ்கள் உண்டு. பந்து உங்கள் கைக்கு வர அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் திசையைப் படித்து, காலை நகர்த்தி, பந்தின் வேகத்தைக் கொன்று, அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தலைக்கு மேல் வைக்கவேண்டும். அந்த முதல் பந்து சரியாகப் போனால் செட்டர் நடுவிலும் கொடுக்கலாம், ஓரத்திலும் கொடுக்கலாம், பின்வரிசைக்கும் கொடுக்கலாம். எதிரணி தடுப்பவர்கள் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் திணறுவார்கள். சரியாகப் போகாவிட்டால் ஓரத்தில் உயரமாகத் தூக்கிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அங்கே இரண்டு, மூன்று பேர் கையை உயர்த்திக் காத்திருப்பார்கள். உங்கள் அணியில் அடிப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருடைய அடி லிபரோவின் கையில்தான் தொடங்குகிறது.

பிரேசிலின் செர்ஜியோ சாண்டோஸை, செர்ஜினியோ என்று அழைக்கப்பட்ட அந்த லிபரோவை, பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40; தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். ஒவ்வொரு பயிற்சியிலும் நூற்றுக்கணக்கில் எழும்பி இறங்கும் அடிப்பவர்களின் முழங்கால் தசைநாரும் தோளும் படும் பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். லிபரோவுக்கு அந்தச் சுமை குறைவு.

இழப்பும் உண்டு. சர்வதேச விதிப்படி லிபரோ சர்வீஸ் போடக்கூடாது, பிளாக் செய்யக்கூடாது, வலைக்கு மேலிருக்கும் பந்தை அடிக்கக்கூடாது. பல லீக்குகளில் வெளிநாட்டு வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. அந்த இடங்களைக் கிளப்புகள் பெரும்பாலும் அடிப்பவர்களுக்கே ஒதுக்குகின்றன. அதனால் லிபரோவுக்கு வெளிநாட்டு வாய்ப்பும் பெரிய சம்பளமும் அரிது. எழும்பி அடிப்பதை விட்டால் ஆட்டமே கசந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் மறுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருபது வயதில் அதை ஆடிப் பார்க்காமலே முடிவு செய்யாதீர்கள்.

என் கருத்து, ஒப்புக்கொள்ளுங்கள். படிப்பை மட்டும் விடாதீர்கள். இந்தத் தொழிலில் ஓராண்டு ஒப்பந்தம் என்பது சாதாரணம். அடுத்த ஆண்டு எந்தக் கிளப் என்று தெரியாமலேயே பலர் ஆடுகிறார்கள். தேர்வு எழுத விடுப்பு உண்டா என்று இப்போதே கேளுங்கள். காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் வருமா, எந்தக் காரணத்துக்காக ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். வாய்மொழியாகச் சொன்னால், "ஒப்பந்தத்திலும் சேர்த்துவிடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.