பெரிதாக ஜெயிக்காத டென்னிஸ் வீரர் நல்ல பயிற்சியாளர் ஆக முடியுமா?

கேட்டவர் வேலூர்க்காரர். தம்பிக்கு 22 வயது. சில வருடங்களாகப் போட்டிகளில் ஆடியும் ரேங்கிங் ஏறவில்லையாம். கோச்சாகப் போகிறேன் என்றால், "ஜெயிக்காதவனிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

தாராளமாக ஆகலாம். நானும் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகளில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டு, இப்போது காட்பாடிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன்தான்.

வீட்டில் மாக்னஸ் நார்மனைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்வீடன்காரர். 2000இல் உலகின் இரண்டாம் இடம் வரை வந்தார், அந்த வருடம் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் தோற்றார். அப்புறம் இடுப்பு, முழங்கால் என்று காயங்கள். 2004இல் ஓய்வு. கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் கோப்பை ஒன்றுகூட இல்லை. ஆனால் 2009 பிரெஞ்சு ஓப்பனில் நடாலை முதன்முதலாகத் தோற்கடித்த சோடர்லிங்குக்கு அவர்தான் கோச். வாவ்ரிங்கா மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்ததும் அவர் கையில்தான்.

ஜெயித்தவர்கள் கோச்சாகத் தேற மாட்டார்கள் என்றும் இல்லை. ஸ்பெயின் வீரர் அல்கராஸை வளர்த்த ஃபெரேரோ உலகின் முதலிடத்தில் இருந்தவர். எனக்குப் பிடித்தது இன்னொரு முன்னாள் முதலிட வீரர் இவான் லெண்டில் கதை. தன் முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளிலும் தோற்றவர். ஆண்டி மர்ரேயும் அப்படியே நான்கில் தோற்றார், அதில் நான்காவது தோல்வி, லெண்டில் அவருக்குக் கோச்சாக வந்த பிறகு. ஐந்தாவதில், 2012 அமெரிக்க ஓப்பனில், மர்ரேக்குக் கோப்பை. லெண்டிலும் தன் ஐந்தாவதில்தான் ஜெயித்திருந்தார். விம்பிள்டன் லெண்டிலுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, அவர் பயிற்சியில் மர்ரேக்கு இரண்டு முறை கிடைத்தது.

சரி, அதெல்லாம் உச்சாணிக் கொம்பு. நம்ம ஊரில் கோச் வேலை என்றால் முக்கால்வாசி ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். இயல்பாகவே கை வந்த ஆட்டக்காரர்கள் பலர் திணறுவது இங்கேதான். தான் எப்படி அடிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, "இப்படி அடி" என்று அடித்துக் காட்டுவார்கள். உங்கள் தம்பி மாதிரி ஒவ்வொரு அடியையும் பிரித்துப் போட்டுத் திருத்திக் கற்றவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

என்னிடம் வரும் ஒரு சிறுமிக்கு சர்வ் எல்லாம் நெட்டில். கையில் பலமில்லை, பால் முட்டை கொடுக்கிறோம் என்றார் அவள் அப்பா. பலமெல்லாம் இருந்தது, டாஸ்தான் தப்பு, அதாவது சர்வ் அடிக்குமுன் பந்தை மேலே போடும் விதம். பந்தை உள்ளங்கையில் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டிப் போடுவாள். அது தலைக்குப் பின்னால் போகும். விரல் நுனியில், தண்ணீர் டம்ளரைப் பிடிக்கிற மாதிரி பிடித்துத் தளும்பாமல் தூக்கச் சொன்னேன். அடிக்கவே வேண்டாம். இடது காலுக்குச் சற்று முன்னால் ரேக்கெட்டைத் தரையில் வைத்து, பந்து அதன்மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் அன்றைய பாடம். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, காசு கொடுத்துப் பந்தைக் கீழே போடவா என்று. பெற்றோரைச் சமாளிப்பதும் கோச் வேலையில் சேர்த்திதான். சொல்லப்போனால் பாதி வேலை அதுதான்.

பந்து விஷயமும் அப்படியே. சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வேகம் குறைந்த பந்துகள் இருக்கின்றன. சிவப்பு, சாதாரண மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் இந்தப் பந்துகளில்தான் ஆட வேண்டும் என்று 2012 முதல் விதியே உண்டு. இங்கே சில பெற்றோர், "என் பையனுக்கு நேரா மஞ்சள் பந்தே போடுங்க சார்" என்பார்கள். தலைக்கு மேல் எகிறும் பந்தைத் துரத்தித் துரத்தி அந்தப் பையன் பிடியைக் கெடுத்துக்கொள்வான்.

வேலூரின் கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பளுதூக்குதல் என்றால் நம்ம ஊருக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் இரண்டிலும் தங்கம் வாங்கினார், அவர் அப்பாவும் பளுதூக்கும் வீரர். டென்னிஸுக்கு அந்த மாதிரி வேர் இங்கே இல்லை. கொஞ்சம் தேறிய பிள்ளை சென்னைக்குப் போய்விடும், அங்கே வாங்கும் கோப்பையில் உங்கள் பெயர் வராது. அப்புறம் வெயில். மே மாதம் காலை எட்டுக்கு மேல் சிமென்ட் கோர்ட்டில் நிற்க முடியாது. விடியலில் ஒரு ஷிஃப்ட், சாயங்காலம் ஒரு ஷிஃப்ட். நடுப்பகலில் நான் ரேக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டிக் கொடுக்கிறேன், அதிலும் கொஞ்சம் வருமானம். கூடையிலிருந்து பந்து போட்டுப் போட்டுத் தோள் வலி வரும், அதற்கென்று தனியாக உடற்பயிற்சி செய்தாக வேண்டும்.

ஆனாலும் மாதச் சம்பளக் கணக்கில் இது பரவாயில்லை. ஐடிஎஃப் கீழ்மட்டப் போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 200 டாலர்கூடத் தேறாது. ரயில், அறை, சாப்பாடு எல்லாம் கைக்காசு.

தம்பியை இப்போதே ஆட்டத்தை விடச் சொல்லாதீர்கள். ஒரு கோடை முகாமில் உதவியாளராகச் சேர்ந்து, எட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு மத்தியில் நிற்கட்டும். எரிச்சல் வராவிட்டால், அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் ஆரம்பநிலை கோச்சிங் வகுப்பில் சேரலாம்.