இரட்டைத் தாடைக்கு லைப்போசக்‌ஷன்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு 36 வயது. தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது. லைப்போசக்‌ஷன் ஒரு மணி நேர வேலைதான், பக்கவிளைவே கிடையாது, திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம் என்கிறார்கள் ஒரு கிளினிக்கில். ஆறு வாரத்தில் தம்பி கல்யாணம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். செய்துகொள்ளலாமா?

பதில்: ஒரு மணி நேரம் என்றது சரிதான். மரத்துப்போகும் மருந்தையும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் உப்பு நீரில் கலந்து தோலுக்கடியில் ஏற்றுவார்கள். தாடைக்கடியிலும் காது மடலுக்குப் பின்னாலும் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகு ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. தாடைக்கடியில் எடுக்கும் கொழுப்பு ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. அதனால் வயிற்றிலும் தொடையிலும் செய்யும்போது அஞ்சுகிற பெரிய ஆபத்துகள் இங்கே அபூர்வம். பக்கவிளைவே கிடையாது என்றதை மட்டும் நம்பாதீர்கள்.

கீழுதட்டை இழுக்கும் தசைக்குப் போகிற நரம்பு தாடை எலும்பின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. குழாய் அதில் உரசிவிட்டால், சிரிக்கும்போது ஒரு பக்க உதடு இறங்காது. வாய் கோணியதுபோல் தெரியும். பக்கவாதமோ என்று வீட்டில் பதறுவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது மிக அரிது. இந்தப் பயத்தில் கொழுப்பைக் கரைக்கும் ஊசிக்கு மாறுபவர்களும் உண்டு. டிஆக்ஸிகோலிக் அமிலம் என்ற அந்த ஊசியிலும் இதே நரம்புக்கு ஆபத்து இருக்கிறது.

என் பெரிய கவலை வேறு. குறைவாக எடுத்திருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறி எடுத்ததைச் சரிசெய்வது பெரும்பாடு. தோலுக்கும் கழுத்துத் தசைக்கும் நடுவே மெத்தைபோல் கொஞ்சம் கொழுப்பு இருந்தாக வேண்டும். அதையும் வழித்தெடுத்தால் தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும். நடுக்கழுத்தில் பள்ளம் விழும், இருபுறமும் கயிறுபோல் தசை புடைத்துத் தெரியும். "கன்னத்திலும் கொஞ்சம் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கன்னத்துக் கொழுப்பு வயதானால் தானாகவே வற்றும்.

கண்ணாடி முன் நின்று தாடைக்கடியில் சதையைக் கிள்ளிப் பிடியுங்கள். பல்லைக் கடித்து, கீழுதட்டைக் கீழே இழுத்துக் கழுத்தை இறுக்குங்கள். அப்போதும் சதை கையில் நின்றால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது, லைப்போசக்‌ஷன் உதவும். கையிலிருந்து நழுவினால் அது தசைக்குக் கீழே இருக்கலாம், அல்லது உமிழ்நீர்ச் சுரப்பியே இறங்கியிருக்கலாம். குழாய் அங்கே உதவாது. விட்டதும் தோல் சட்டென்று பழையபடி போகாமல் தொளதொளவென்று நின்றாலும் யோசிக்க வேண்டும். கொழுப்பு போனபின் தொங்கல் கூடும். உடல் எடையைக் குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

வீக்கமும் கன்றிப்போவதும் எல்லாருக்கும் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வடியும். காது மடலும் தாடையும் சில வாரம் மரத்திருக்கும். தோலுக்கடியில் கட்டிகட்டியாகத் தட்டுப்படுவது மெல்ல இளகிவிடும். நம் நிறத்துத் தோலில் துளை போட்ட இடம் கருத்துப்போகலாம். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் கழுத்து விறுவிறுவென்று வீங்கி இறுகினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

செய்பவருக்கு எம்.சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி (அறுவை சிகிச்சையில் உயர் சிறப்புப் பட்டம்) போன்ற தகுதி இருக்கிறதா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் வேண்டாம் என்பேன். ஆறு வாரத்தில் வெளிவீக்கம் வடிந்திருக்கும். உள்ளே இறுக்கம் போய்த் தாடை தன் வடிவத்துக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். உதடு கோணினால் கல்யாண ஆல்பம் முழுக்க அதுவே நிற்கும். இப்போதைக்கு தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் முகம் உப்பும். அதற்கு மாத்திரை அளவை மாற்றினாலே போதும்.